கழற்றிப் பார்ப்போம்: பழைய போர்டில் எத்தனை பவுண் இருக்கிறது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். பவுண் விலை ஏறினதும் வீட்டு மூலையில் கிடக்கிற பழைய கொம்பியூட்டர் எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிட்டது போல. வட்ஸ்அப்பில் சுற்றுகிற அந்த வீடியோவை எனக்கே மூன்று பேர் அனுப்பியிருந்தார்கள்: ஒரு கண்ணாடிக் குவளை, அதற்குள் பச்சைத் தண்ணீர், கடைசியில் உள்ளங்கையில் ஒரு மஞ்சள் மணி. நடுவில் என்ன நடந்தது என்பதை மட்டும் வெட்டிவிடுகிறார்கள். ஆகவே மற்றக் கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இதையே எடுக்கிறேன். பிரிண்டர் பற்றிக் கேட்ட காரைதீவு அக்கா கோபிக்க வேண்டாம், உங்களுக்கு அடுத்த இதழில்.

கேள்வி: அண்ணன், எங்கட மாமா நெட் கபேயை மூடிப்போட்டு 22 கொம்பியூட்டரையும் எனக்குத் தந்துவிட்டார். ரேம் மட்டும் 30 இருக்கு. திராவகத்தில் போட்டுத் தங்கம் எடுக்கிற வீடியோ பார்த்தேன். தெரிந்த பத்தர் ஒருவர் திராவகம் எடுத்துத் தரலாம் என்கிறார். பின் வளவில் வைத்துச் செய்யலாம் என்று யோசிக்கிறேன். எத்தனை பவுண் தேறும்? சட்டப் பிரச்சினை ஏதும் வருமா?
– 24 வயது வாசகர், செங்கலடி

பதில்: தம்பி, ஒரு ரேமை, அதுதான் கொம்பியூட்டரின் நினைவக அட்டையை, கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். அடி விளிம்பில் பல் வரிசை மாதிரி மஞ்சள் பட்டைகள் தெரியும். டிடிஆர் 3 ரக ரேம் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 240 பட்டை. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 2 சதுர மில்லிமீற்றர், ஆக மொத்தம் 480, அதாவது ஒரு தபால் முத்திரை அளவு. அகலத்துக்குக் குறையில்லை, தடிப்புத்தான் இல்லை. நல்ல ரேமிலேயே அந்தப் பூச்சு ஒரு மைக்ரோனில் முக்கால் பங்குதான், ஒரு தலைமயிரின் தடிப்பில் நூறில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கம் ஒரு கன சென்ரிமீற்றருக்கு 19.3 கிராம் நிறை. பெருக்கிப் பார்த்தால் ஒரு ரேமின் பட்டைகளில் கூடினால் 7 மில்லிகிராம் வரும். உங்களிடம் 30 ரேம், 210 மில்லிகிராம். ஒரு துளி கூடச் சிந்தாமல் எடுத்தால் இவ்வளவு, மலிவு ரேம் என்றால் அதுவும் இல்லை. ஒரு பவுண் 8 கிராம் ஆயிற்றே, அதற்கு ஆயிரத்து நூறுக்கு மேல் ரேம் வேண்டும். உங்கள் முப்பதில் கூடினால் ஒரு சின்ன மூக்குத்திதான்.

"போர்டிலும் இருக்கே" என்பீர்கள். இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. சிப் பதித்த பச்சைத் தகடுகளான கொம்பியூட்டர் போர்ட்களை ஒரு தொன் சேர்த்தால் அதில் நூறு இருநூறு கிராம் தங்கம் இருக்கும். சுரங்கத்தில் வெட்டுகிற கல்லில் தொன்னுக்குச் சில கிராம் இருந்தாலே தோண்டுகிறார்கள். அப்படியானால் ஏன் வேண்டாம் என்கிறேன்? அந்தத் தங்கம் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இல்லை. பழைய கறுப்புச் சிப்களுக்குள் 25 மைக்ரோன் கம்பியாய்ப் புதைந்திருக்கும், சொக்கெற்றின் ஊசி முனையில் தொட்டும் தொடாமலும் இருக்கும், பச்சைப் பூச்சு இல்லாத பற்று முனைகளில் நிக்கலுக்கு மேல் மூச்சு விட்டாற்போல ஒரு படை இருக்கும். குவளைக்குள் போட்டு எடுக்கிறவன் வெளியே மினுங்குகிறதை மட்டும் சுரண்டுகிறான். மிச்சமெல்லாம் அவனுடைய குப்பையில்தான் போகிறது.

இதை முழுசாய் எடுக்கிறவர்கள் வேறு ஆட்கள். சுவீடனில் ரொன்ஸ்கார், பெல்ஜியத்தில் ஹோபோக்கன், ஜேர்மனியில் ஹம்பேர்க், இப்படி உலகத்தில் எண்ணிக் கணக்கிடக்கூடிய உருக்காலைகள். போர்டை அப்படியே அரைத்து ஆயிரம் பாகைக்கு மேல் உருக்குவார்கள். போர்டிலுள்ள பிளாஸ்டிக்கே எரிபொருளாகிவிடும், புகையைக் கோடிக்கணக்கில் செலவழித்த வடிகட்டிகள் பிடித்துக்கொள்ளும். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் உருகிய செப்போடு ஒட்டிக்கொண்டு போகிற குணம். அந்தச் செப்பை மின்சாரத்தால் சுத்தம் செய்யும்போது செப்பு மறுபக்கம் போய்ப் படியும், தங்கமும் வெள்ளியும் கரையாமல் தொட்டியின் அடியில் கறுப்புச் சேறாக நிற்கும். அந்தச் சேறுதான் அவர்களுடைய வருமானம். டோக்கியோ 2020 ஒலிம்பிக் பதக்கங்களுக்காக ஜப்பான்காரர் 62 இலட்சம் போன்களும் வேறு சின்ன மின்சாமான்களுமாக 78,985 தொன் சேர்த்தார்கள். அத்தனையிலும் கிடைத்த தங்கம் 32 கிலோ. நம்முடைய கணக்கில் 4,000 பவுண். ஒரு பவுணுக்குக் கிட்டத்தட்ட இருபது தொன் சாமான், கோது குடலெல்லாம் சேர்த்த நிறைதான், என்றாலும் யோசித்துப் பாருங்கள்.

சரி, நானும் ஒரு காலம் செய்து பார்த்தவன்தான். 2011, கல்லடியில் கடை வைத்திருந்தேன். பின்னால் ஒரு தகரக் கொட்டில். நானும் ஒரு பத்தரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வாளி நிறைய வெட்டின பட்டைகளோடு இறங்கினோம். திராவகம் செப்பைத் தொட்டதும் கபில நிறத்தில் ஒரு புகை எழும்பியது, அது மேலே போகாது, காற்றை விடப் பாரம், தரையோடு தரையாய் நம்மைத் தேடி வந்தது. பத்தர் பழக்கத்தில் தள்ளி நின்றார். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். அன்றைக்கு இரவு வரைக்கும் இருமல் மட்டும்தான், விடியப்புறம் மூச்சு எடுக்க முடியவில்லை. அந்தப் புகையின் தன்மை அது: முதலில் சும்மா விட்டுவிடும், பல மணித்தியாலம் கழித்து நுரையீரலில் நீர் கோர்க்கும். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தேன். கடையைத் திறந்தால் என் ஸ்க்ரூ டிரைவர், குறடு, புது ஹார்ட் டிஸ்க் நாலைந்து, எல்லாவற்றிலும் சிவப்பாய்த் துரு. கொட்டிலுக்கும் கடைக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது தம்பி, சுவர்! தங்கம் எவ்வளவு என்று கேட்கிறீர்களா? தராசில் அரைக் கிராமுக்கும் கீழே. துருப்பிடித்த ஆயுதங்களை மாற்றவே அதைப் போல பல மடங்கு செலவு.

மறுகா, அந்த வாளித் தண்ணீர். அதைத்தான் எந்த வீடியோவிலும் காட்டுவதில்லை. தங்கத்தை எடுத்தபிறகு மிஞ்சுகிற பச்சைத் திராவகத்தில் செப்பு, நிக்கல், ஈயம், வெள்ளீயம் எல்லாம் கரைந்து நிற்கும். 2006க்கு முந்தின போர்ட் என்றால் ஈயப்பற்றில் 100க்கு 37 பங்கு சுத்தமான ஈயம். அதை எங்கே ஊற்றுவீர்கள்? வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள நம்முடைய எழுவான்கரையில் வளவு முழுக்க மணல். ஊற்றின தண்ணீர் நிமிடத்தில் காணாமல் போகும், போய் நிற்கிற இடம் கிணறு. மாரி காலத்தில் கையை விட்டு அள்ளலாம் போல நிற்கிற கிணறு அது. உங்கள் கிணறு மட்டும் என்றாலும் பரவாயில்லை என்று சொல்லலாம், அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அதே நீரைத்தான் குடிக்கும். சீனாவில் குவாங்டொங் மாகாணத்தில் குயூ என்று ஓர் ஊர், இந்தியாவில் பித்தளைக்குப் பேர்போன மொராதாபாத், இரண்டிலும் வீட்டுக்கு வீடு இந்த வேலைதான் நடந்தது. குயூவில் பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்தபோது ஈயம் அளவு மீறி நின்றது.

அப்ப அந்த 22 மெஷினை என்ன செய்கிறது? முதலில், ஓடுகிறதா என்று பாருங்கள். இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை, ஓடுகிற ரேம் ஒன்றுக்கு ரிப்பேர் கடைக்காரன் தருகிற காசு அதிலுள்ள தங்கத்தின் விலையை விடக் கூட. பழைய மெஷினை வைத்து ஓட்டுகிற ரியூஷன் கொட்டில்களும் போட்டோக் கொப்பிக் கடைகளும் நம்மூரில் இன்னும் இருக்கின்றன. பரீட்சை செய்த ரேம், ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளை என்று எழுதி ஒரு கல்முனைக் கடைக்காரரிடம் காட்டுங்கள்.

ஓடாததைக் கழற்றுங்கள். வெளிக்கூடு இரும்பு, ஒன்று நாலைந்து கிலோ, 22 கூட்டில் நூறு கிலோ தேறும், அது அன்றைக்கே ஓட்டோவில் ஏறும். சிபியுவுக்கு (கொம்பியூட்டரின் மூளைச் சிப்) மேலிருக்கிற விசிறியின் கீழ்ப் பகுதி அலுமினியம், சிலதில் நடுவில் வட்டமாய்ச் செப்பு இருக்கும், அதைத் தட்டிப் பிரித்தால் தனி விலை. வேலை செய்யாத ஹார்ட் டிஸ்க் ஒன்றில் அரைக் கிலோவுக்கு மேல் நிறை, பெரும்பாலும் அலுமினியம், உள்ளே நகத்தை நசுக்குகிற காந்தம் இரண்டு, கவனம். பவர் சப்ளையை மட்டும் சுவரிலிருந்து கழற்றி ஒரு நாளாவது சும்மா கிடக்க விட்டுத் திறவுங்கள், உள்ளே பெரிய கப்பாசிற்றர்களில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கி நிற்கும், நான் ஒருமுறை வாங்கினேன், தோள்மூட்டு வரை ஏறியது.

மதர்போர்ட்டை மட்டும் வெட்டாதீர்கள். பட்டையை வெட்டி, சிப்பைக் கழற்றி, மிச்சத்தைக் கொடுக்கலாம் என்று நினைப்பீர்கள். வாங்குகிறவன் குருடன் இல்லை, கழித்த போர்ட் என்று அடி விலைக்குத் தள்ளுவான். வட்டப் பட்டரியைக் கழற்றி, இரும்புத் தகடுகளைக் கழற்றி, போர்டை முழுசாய் விற்கிறபோது அதிலுள்ள தங்கத்தைத்தான் விற்கிறீர்கள், திராவகம் இல்லாமல்.

சட்டம்: இலங்கையில் மின்னணுக் கழிவு 2008ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு. அதைச் சேகரிக்க, வைத்திருக்க, கொண்டுபோக, அதிலிருந்து உலோகம் பிரித்தெடுக்க மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுமதியுள்ள சேகரிப்பாளரிடம் கொடுத்துவிடுவதுதான் உங்களுக்குச் சுலபம், யார் யார் என்று பிரதேச செயலகத்தில் சுற்றாடல் உத்தியோகத்தரிடம் கேளுங்கள். வளவில் திராவகம் காய்ச்சுவதற்கு எந்த அனுமதியும் யாரும் தரப் போவதில்லை.

கேள்வி: பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை கொழும்பிலிருந்து ஒருவர் வந்து போர்ட் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டு ஒரே விலைக்கு நிறுத்து எடுக்கிறார். எனக்கு மனதுக்குள் ஒரு சந்தேகம், இது சரியான வியாபாரமா? ஒரு மாதம் விலை ஏறுகிறது, ஒரு மாதம் "இப்ப எடுக்கிறதில்லை" என்கிறார்கள், அது ஏன்?
– வாசகர், சம்மாந்துறை

பதில்: காக்கா, உங்கள் சந்தேகம் சரி. அவர் உங்கள் சாக்கைக் கொண்டுபோய் ஐந்து சாக்காய்ப் பிரித்து ஐந்து விலைக்கு விற்கிறார்.

பிரிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். மண்ணிற போர்ட், ஒரு பக்கம் மட்டும் கோடு ஓடுவது, பழைய ரீவி, ரேடியோ, பவர் சப்ளைக்குள் வருவது: அது கடதாசி ஒட்டிச் செய்தது, தட்டினால் விறகுச் சத்தம் கேட்கும், அடி விலை. அதில் காசு வந்தாலும் அது போர்டுக்காக இல்லை, மேலிருக்கிற ட்ரான்ஸ்போமர், அலுமினியத் தகட்டுக்காக. பச்சை போர்ட் கண்ணாடி நார், அதற்குள்ளே பல படையாய்ச் செப்பு. கொம்பியூட்டர் மதர்போர்ட்டின் நிறையில் ஐந்திலொரு பங்கு செப்பு என்று வைக்கலாம். அதற்கும் மேலே ரேமும், பல் வரிசையுள்ள கார்ட்டுகளும், ஹார்ட் டிஸ்க்கின் அடியிலிருக்கிற சின்ன போர்ட்டும். அதற்கும் மேலே டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், வங்கி சேர்வர் போன்றவற்றின் போர்ட், அந்தக் காலத்தில் பூச்சில் கஞ்சத்தனம் காட்டவில்லை. கைத்தொலைபேசி போர்ட் தனிச் சாக்கு, அது சின்னன், பாரம் வராது, விலை வரும்.

எப்போதாவது சீமெந்து நிறத்தில் அல்லது ஊதாக் கலந்த நிறத்தில் ஓட்டுத் துண்டு போலப் பாரமான, அடியில் மஞ்சள் ஊசி நிறைந்த பழைய சிபியு வந்தால் சாக்கில் போடாதீர்கள். 486, பென்ரியம் புரோ காலத்துப் பீங்கான் சிபியு அது. தங்கத்துக்காக வாங்குகிறவன் ஒரு விலை சொல்வான், சேர்த்து வைக்கிற பைத்தியக்காரர்கள் அதைவிடக் கூடச் சொல்வார்கள். நானும் அந்தப் பைத்தியங்களில் ஒருவன், வந்தால் அறிவியுங்கள்.

இன்னொரு ஏமாற்று உங்கள் பக்கமே நடக்கும், கவனியுங்கள். நெட்வேர்க் வயரைச் செப்பு என்று கொண்டுவந்து நிறுக்கிறார்கள். கத்தியால் ஒரு கீறல் போடுங்கள், உள்ளே வெள்ளையாய்த் தெரிந்தால் அது செப்புப் பூசின அலுமினியம். மலிவு வயர்களில் அதுதான் கூட. சின்ன ட்ரான்ஸ்போமர்களிலும் இப்போது அலுமினியச் சுற்று வருகிறது, நிறம் பார்த்து வாங்கிவிட்டுத் தலையில் கை வைக்க வேண்டாம்.

ஏன் கொழும்பு விலை ஒரு மாதம் ஏறுகிறது, ஒரு மாதம் "இப்ப எடுக்கிறதில்லை" என்கிறார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். அவர்கள் கடைசியில் வெளிநாட்டு உருக்காலைக்குத்தான் அனுப்ப வேண்டும். கழிவைக் கடல் கடந்து அனுப்புவதற்கு பாசல் உடன்படிக்கை இருக்கிறது, இலங்கை அதில் 1992இல் சேர்ந்தது. 2025 ஜனவரி 1 முதல் ஆபத்தானது ஆபத்தில்லாதது என்ற பேதமில்லாமல் எல்லா மின்னணுக் கழிவுக்கும் அனுப்புகிற நாடு, வாங்குகிற நாடு, நடுவில் கப்பல் தொடுகிற நாடு என எல்லாரிடமும் முன்கூட்டிச் சம்மதம் எடுக்க வேண்டும். கடதாசி ஓடி முடியும்வரை கொள்கலன் காத்து நிற்கும், அவர் உங்களுக்குக் காசு தர மாட்டார். அது அவருடைய நியாயம். ஒரே சாக்கு விலை மட்டும் அவருடைய நியாயமில்லை. அடுத்தமுறை வரும்போது ஐந்து சாக்காய் வைத்து "இதுக்கு என்ன, அதுக்கு என்ன" என்று கேளுங்கள், முகத்தைப் பார்த்தால் விளங்கும்.

கேள்வி: பக்கத்து வளவில் ஒருவர் பின்னேரத்தில் வயர் கட்டுக்கட்டாய் எரிக்கிறார். கறுப்புப் புகை, தொண்டை கரிக்கிறது. என் சின்ன மகனுக்கு இழுப்பு. சொன்னால் "எங்கட பிழைப்பு அக்கா" என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: அவருடைய பிழைப்பைச் சொல்லியே அவரை நிறுத்தலாம் என்று நினைக்கிறேன். எரித்த செப்பு கறுத்து, மேல் செதில் விட்டு, நிறையும் குறைந்து வரும். உரித்த செப்பு மினுமினு என்று ரோஜா நிறத்தில் நிற்கும். இரண்டையும் கடையில் வைத்து விலை கேட்டால் எரித்தது எப்போதும் கீழே. ஒரு கத்தி அலகைப் பலகையில் சரிவாய் ஆணி அடித்து, வயரை அதன் கீழ் வைத்து இழுத்தால் உறை நீளமாய்க் கிழியும், ஒரு மணித்தியாலத்தில் அவர் கை பழகிவிடும். ஒரு கட்டை எரிக்காமல் உரித்துக் கொண்டுபோய் வித்தியாசத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தத் தொண்டைக் கரிப்பு பொய்யில்லை. வயரின் உறை பீவீசீ, எரிந்தால் அதிலிருந்து குளோரின் அமிலப் புகையாய் வரும், கண்ணிலும் தொண்டையிலும் ஈரம் பட்டவுடன் கடிக்கும். செப்புப் பக்கத்தில் இருக்கும்போது டயொக்சின் என்ற நஞ்சும் உண்டாகும், அது புகையிலும் வரும், சாம்பலாய் வளவிலும் விழும், கோழி கொத்தும், முட்டைக்குள் வரும். போர்டை எரித்தால் இன்னும் மோசம், தீப்பிடிக்காமலிருக்க அதில் புரோமின் சேர்த்திருப்பார்கள்.

சொல்லியும் கேட்காவிட்டால் பிரதேச சபைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னால் நாளைக்கு மறந்துவிடுவார்கள். அதுவரை பின்னேரம் மகனை அந்தப் பக்கம் விடாதீர்கள், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து யன்னலைச் சாத்துங்கள்.

கேள்வி: எங்கள் பாடசாலைக் கணினிக் கூடத்தில் பழைய பெட்டி மொனிற்றர் 14 தூசிபிடித்துக் கிடக்கின்றன. ஒருவர் "இலவசமாய் அள்ளித் தாறேன் சேர்" என்கிறார். கொடுக்கலாமா?
– ஆசிரியர், அக்கரைப்பற்று

பதில்: சேர், உங்களுக்குத் தெரியாததில்லை, போர்ட் ஒவ் சேர்வே (அரச சாமான்களைக் கணக்கெடுத்துக் கழிக்கிற குழு) போட்டுக் கழிக்காமல் ஒரு மவுஸைக் கூட வெளியே விடக்கூடாது. நாளைக்குக் கணக்காய்வில் மாட்டுகிறவர் அள்ளினவர் அல்ல, நீங்கள்.

கழித்த பிறகும் அந்த மனிதரிடம் வேண்டாம். அவருக்கு வேண்டியது படக்குழாயின் கழுத்தில் சுற்றியிருக்கிற செப்புச் சுருள் ஒன்றுதான். கழுத்தைத் தட்டி முறிப்பார், சுருளை இழுப்பார், கண்ணாடியை வாவிக் கரையிலோ வயல் வாய்க்காலிலோ கொட்டுவார். அந்தக் கண்ணாடி சும்மா கண்ணாடி இல்லை, கதிர் வெளியே வராமலிருக்க ஈயம் கலந்தது, ஒரு மொனிற்றரில் ஒரு கிலோ அளவு ஈயம், பெரியதென்றால் இன்னும் கூட. முன்பக்கத்தில் உள்ளே பூசியிருக்கிற வெள்ளைத் தூளும் மூச்சில் போகக்கூடாதது. பிள்ளைகளைக் கொண்டு தூக்குவிக்கவும் வேண்டாம், விழுந்து வெடித்தால் துண்டு முகத்துக்கு வரும். முழுசாய் எடுத்து ரசீது தருகிற அனுமதியுள்ள ஆளுக்கு மட்டும். அவர்கள் பெட்டி மொனிற்றருக்குக் காசு தர மாட்டார்கள், சிலவேளை கேட்பார்கள், அதில் ஏமாற்று ஒன்றுமில்லை, ஈயக் கண்ணாடியை ஒதுக்கச் செலவு உண்டு.

கேள்வி: வால்வு ரேடியோவுக்குள் சிவப்பு மேர்க்கூரி இருக்காம், கோடிக்கணக்கில் போகுமாம். அப்பாவுடைய ரேடியோவுக்கு ஒருவர் அட்வான்ஸ் கேட்கிறார், "சோதிச்சுப் பார்க்க" என்று.
– வாசகர், திருக்கோவில்

பதில்: அப்படி ஒரு சாமானே உலகத்தில் இல்லை. 2009இல் சவூதியில் இதே கதையைத் தையல் மெஷினுக்குக் கட்டிவிட்டார்கள், சனம் பழைய சிங்கர் மெஷின்களைப் பெருங்காசு கொடுத்து வாங்கித் திரிந்தது. உள்ளியைக் கிட்டக் கொண்டுபோனால் விலகி ஓடும் என்று வீடியோ காட்டுவார்கள், அடியில் காந்தம் வைத்தால் இரும்பு கலந்த என்னவும் ஓடும். வாங்குகிறவன் விற்கிறவனிடம் அட்வான்ஸ் கேட்கிற வியாபாரம் எங்கே இருக்கிறது? ரேடியோவைத் துடைத்து வையுங்கள், வால்வு நல்லதென்றால் பாடும்.

கேள்வி: போன் ரிப்பேர் கடையில் வேலை செய்கிறேன். கழற்றின பட்டரி, அதில் சிலது ஊதினது, ஒரு பெட்டி நிறையச் சேர்ந்துவிட்டது. அதற்குள்ளும் விலைபோகிற உலோகம் இருக்காமே, உடைத்துப் பார்க்கலாமா?
– வாசகர், காத்தான்குடி

பதில்: கோபோல்ட் இருக்கிறது, செப்புத் தகடும் அலுமினியத் தகடும் இருக்கின்றன, உடைத்தால் அதற்கு முன்னால் நெருப்பு இருக்கிறது. ஊதின பட்டரியை ஊசியால் குத்திக் காற்றை விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதில் ஒருவருக்கு இரண்டு விரலில் தோல் இல்லை. உள்ளே இருப்பது காற்றில்லை, எரிகிற வாயு.

அந்தப் பெட்டியை இன்றைக்கே கவனியுங்கள், ஏனென்றால் ஒன்றோடொன்று உரசி முனை முட்டினாலே பற்றும், பற்றினால் பக்கத்திலிருக்கிறதெல்லாம் சரவெடி மாதிரி. ஒவ்வொரு பட்டரியின் முனையிலும் ரேப் (ஒட்டுநாடா) ஒட்டுங்கள். ஊதினதைத் தனியாய் ஒரு தகரப் பேணியில் மணலுக்குள் புதைத்து, மூடியை இறுக்காமல், வெயில் படாத இடத்தில், கடைக்கு வெளியே வையுங்கள். சேகரிப்பாளர் வரும்போது பேணியோடு கொடுங்கள். மணல் என்றதும் கடற்கரைக்கு ஓடவேண்டாம், அந்த ஈர மணலில் உப்பு, உப்பு மின்சாரத்தைக் கடத்தும். கட்டட வேலைக்கு இறக்கின ஆற்று மணலில் ஒரு சிரட்டை கேட்டு வாங்கி, ஒரு நாள் வெயிலில் காயவிட்டுப் போடுங்கள்.